அவனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

போன வாரம் இன்டர்லாக்கனில் குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் மகள் நிரோ எனக்குத் தந்த உங்கள் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை முதல்முறையாக எடுத்துப் போட்டேன். கழுத்துப் பக்கத்தில் இன்னும் அந்த இங்கிலாந்து வீட்டின் மணம் இருக்கிறது. ஈரச் சுவரும் விறகுப் புகையும் கலந்த மணம். பஸ் வந்தது, போனது. நான் தரிப்பிடத்து வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

ஹோட்டலின் சலவைப் பகுதியில் நீங்கள் ஒரு நுனியும் நான் மறு நுனியுமாகப் பிடித்து எத்தனை விரிப்புகள் மடித்திருப்போம். அந்த வேலைக்கிடையில்தான் உங்கள் வாழ்க்கை முழுவதையும் கேட்டேன். உங்கள் கணவரை, எனக்கு அண்ணையை, இங்கேதான் அடக்கம் செய்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பூவோடு சேமக்காலைக்கு, அவருடைய கல்லறைக்குப் போவீர்கள். வருடங்கள் ஓடி, கல்லறைக்கான காலம் முடிந்தது, அந்த வரிசையை எடுக்கப் போகிறோம் என்று கெமைண்டே என்கிற ஊர்ச்சபையிலிருந்து அறிவித்தார்கள். சுவிஸில் எல்லோருக்கும் அதுதான் ஒழுங்கு. கல்லைத் தூக்கிய அன்றும் நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். "புல்லு விதைச்சிருக்கினம். வடிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். அன்று நீங்கள் மடித்த விரிப்பு ஒன்றும் சரியாக வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் றெஜியும் எங்களை விட்டுப் போனான். வேலைக்காக இங்கிலாந்துக்குப் போய், அந்தச் சின்னச் சந்தை நகரத்தில் அறை எடுத்து இருந்த உங்கள் மகன். காலையில் சைக்கிளில் போனவனை லொறி அடித்தது. தம்பியை இங்கே கொண்டுவரத்தான் நிரோ அழுதுகொண்டு நின்றாள்.

"என்ர பிள்ளையள் போய்ப் பாக்கலாம் அம்மா. உங்களுக்கும் கிட்ட."

"இஞ்ச வேண்டாம். ஒருக்காப் புதைச்ச பிள்ளையை என்னால இன்னொருக்காக் குடுக்கேலாது."

அடக்கத்துக்கு அங்கே போனபோது, அந்த ஊர்த் தேவாலயச் சுவாமியாரிடம் கேட்கச் சொல்லி என்னைத் தூண்டினீர்கள். "இந்தக் கல்லறையை எப்பவாவது எடுப்பினமோ எண்டு கேள்." நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வயதான மனிதர் அவர். உங்கள் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை என்றார். நான் மொழிபெயர்க்க முன்னரே உங்களுக்கு விளங்கிவிட்டது.

சில மாதங்கள் போக, ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டீர்கள்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவள் நீ, என்னோட ஒருக்கா வாறியே? வீடு பாக்கப் போறன்."

"வீடோ? லண்டனிலயோ?"

"அவன்ர ஊரில."

சுவிஸ் கடவுச்சீட்டோடு அங்கே போய்க் குடியிருக்க முடிந்த காலம் அது. எங்களுடைய சனம் பலர் அப்போது பிள்ளைகளின் படிப்புக்கென்று இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் போன காரணத்துக்காகப் போன எவரையும் நான் அறியேன்.

அந்த ஊரை முதலில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. அவ்வளவு பழையது. கல்தூண்களின் மேல் நிற்கும் சந்தை மண்டபம், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், எங்களைப் போல் ஒரு முகம் கூட இல்லாத தெரு. வீடு காட்டிய பெண்ணுக்கு நிரோவின் வயது இருக்கும். ஊருக்கு வெளியே புது வீடுகளை முதலில் காட்டினாள். நல்ல சமையலறை, கார் விட இடம், வெயில். நீங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. "சேமக்காலைக்கு நடந்து போக எவ்வளவு நேரமெண்டு கேள்" என்றீர்கள். கேட்டேன். அவள் கையிலிருந்த வீட்டுத் திறப்புக் கோர்வையில் வேறொன்றைத் தேடி எடுத்தாள். பிறகு, இன்னொரு வீடு இருக்கிறது, அங்கிருந்து நானே உங்களை நடத்திக் கூட்டிப்போகிறேன் என்றாள். சொன்னபடி செய்தாள். சேமக்காலைப் படலையில் எங்களை விட்டுவிட்டு வெளியே நின்றாள்.

அதுதான் நீங்கள் வாங்கிய வீடு. சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கையில், கதவைத் திறந்தால் நேரே தெரு. வாசல் நிலை தணிவு, கட்டையான நான் கூடக் குனிய வேண்டும். வீட்டுக்குள் நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் கவுன்சில் சம்மதிக்காமல் ஜன்னலைக் கூட மாற்ற முடியாது. வீட்டைப் பரிசோதித்தவர் சுவரில் ஈரம், மரத்தில் பூச்சி என்றார்.

"அக்கா, இது வீடில்லை, வருத்தம்" என்றேன்.

"எனக்கும் வருத்தம்தான். ரெண்டும் சேந்து இருக்கட்டும்."

பென்ஷன் காசை எடுத்து வாங்கினீர்கள். பேரப்பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறினீர்கள். நிரோ வழியனுப்ப வரவில்லை.

ஒவ்வொரு கோடையும் நான் வந்தேன். சந்தை கூடும் நாளில் பூக்கடைக்காரன் உங்களுக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்திருப்பான். "என்னடி இவன், என்னைப் போய் மை லவ் எண்டுறான்" என்று முதல்முறை நீங்கள் முகம் சிவந்ததை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன். பக்கத்து வீட்டு மனுசிக்கு மீன் கட்லட் செய்யப் பழக்கினீர்கள். ஆனால் ஒரு முறை மாரிக் குளிரில் வந்தபோதுதான் மற்றதைக் கண்டேன். ஜன்னல் இடுக்குகளில் பழைய பத்திரிகை செருகியிருந்தது. கட்டிலோரச் சுவர் வியர்த்திருந்தது. கதைக்கத் தொடங்கினால் இருமல் வந்தது.

"குளிர் முடியுமட்டும் எங்களோட வந்து இருங்கோவன்."

"வந்தால் கதவைப் பூட்டவேணும். பூட்டினால் அவன் தனிய."

நிரோவின் கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்தீர்கள். இரண்டு நாள் நின்றீர்கள். நீங்கள் திரும்பிப் போன பிறகு அவள் எனக்குப் போன் எடுத்தாள். "ரெண்டே நாள், அன்ரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நியுமோனியா என்றார்கள். பக்கத்து வீட்டு மனுசிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறா. நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் இல்லை. நீங்கள் கேட்டபடி றெஜிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

இந்த வசந்தத்தில் வீட்டை விற்க நிரோவும் நானும் போனோம். வாங்குகிறவர்கள் ஒரு இளம் தம்பதி. சரிந்த நிலத்தைப் பார்த்து அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் போனபின் நிரோ வெறும் அறையில் நின்று சொன்னாள்:

"என்ர மூண்டு பிள்ளையும் உயிரோட இருந்ததுகள் அன்ரி. அம்மா கல்லுக்குப் பக்கத்தில வந்து இருந்தவா."

நீங்கள் அடிக்கடி சொன்னதை நான் சொன்னேன். நிரோவுக்குப் புருஷன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனுக்கு அங்கே ஆர் இருக்கினம் என்று கேட்பீர்களே, அதை. அவளை மறந்து நீங்கள் போகவில்லை என்று காட்ட நினைத்தேன்.

ஜன்னல் இடுக்கில் இன்னும் செருகியிருந்த பத்திரிகையை இழுத்து எடுத்தாள்.

"எனக்கு அம்மா இருக்கேல்லையே, அன்ரி."

புறப்பட முன்னர் அவள் தனியாகச் சேமக்காலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முழங்காலில் மண் இருந்தது.

இப்போது புதன்கிழமைகளில் நிரோவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது நான்தான். கடைசி, உங்கள் சாயல். பாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அந்தக் கை உங்கள் கையில் இருந்திருக்க வேண்டியது என்று உங்கள் மேல் கோபம் வருகிறது. உங்கள் இடத்தில் நானென்றாலும் அந்த வீட்டைத்தான் வாங்கியிருப்பேன் என்றும் அப்போதே தெரிகிறது. இரண்டும் உண்மை, அக்கா. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க என்னால் முடியவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.