அறுபதுக்குக் கடல்

மே 3, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழைக்கு இன்னும் பத்து நாளாவது ஆகும். கரண்ட் கா. 5 முதல் 9 வரை. அதற்குள் பட்டறையில் இரண்டு பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றி முடித்தேன். வார்னிஷ் காயவில்லை.

சாந்தி படங்கள் அனுப்பியிருக்கிறாள். எனக்கும் என் மனைவி தனத்துக்கும் இந்த வைகாசியில் அறுபது. நான் அவளைவிட ஆறு நாள் மூத்தவன், அதை வைத்துத்தான் இருபத்தேழு வருடமாக அதிகாரம் செய்கிறேன். எங்களை இங்கிலாந்துக்கு வரவழைத்து எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள்தான் லீவு தருவார்களாம். மூன்று இடம் எழுதியிருக்கிறாள், ஒன்றைச் சொல்ல வேண்டும்:

1. யார்க். பழைய கோட்டைச் சுவர். பெரிய கொட்டகைகளில் ரயில் எஞ்சின்கள்.
2. லேக் டிஸ்ட்ரிக்ட். ஏரி, மலை, படகு, ஆடு.
3. விட்பி. கடல். குன்றின் மேல் இடிந்துபோன மாதா கோயில். அதற்கு ஏறப் படிகள், எண்ணி மாளாது.

என் ஓட்டு 1. எஞ்சினைப் பார்க்காமல் ஆட்டையா பார்ப்பேன்?

தனம் போனை மூக்குக்கு நேரே பிடித்து ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஓரமாகப் பார்த்தாள். அரை மணி நேரம். பிறகு "மூணாவது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பாஸ்போர்ட் இரண்டும் விசாவுக்குப் போய் மூன்று வாரம். இன்னும் பதில் இல்லை. அறை பிடிக்க மட்டும் அவசரம்.

மே 5, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. மூன்று மணி நேரம் வரிசை. ஃபேன் ஓடவில்லை. பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா தன் மருமகளிடம் பர்மியில், "சொட்டு மருந்து விலை ஏறிடுச்சாம், ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டாப் போதும்." சிரிப்பு வரவில்லை.

தனத்துக்கு வலது கண் போன வருடமே போய்விட்டது. கண்ணழுத்தம். இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "இந்தப் பார்வை ஆறு மாசம் இருக்கலாம். ஒரு வருஷம்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"சொட்டு மருந்த விடாமப் போடச் சொன்னாரு."

"அதுக்கா ஒங்கள மட்டும் உள்ள கூப்புட்டாரு?"

கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினேன். பசுந்தாங் போகும் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடிக்கிறேன் என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவர் நல்ல மனிதர், எழுந்து இடம் கொடுத்தார்.

வாங்க வேண்டியது: சொட்டு மருந்து 2, அரிசி, எமரி தாள், கொசுவர்த்தி.

மே 8, வெள்ளி

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். விட்பியில் காற்று, குளிர், படிக்கட்டு, கண் தெரியாதவளுக்கு அது எதற்கு என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கண் தெரியாதவதான். அதான் இப்பக் கேக்குறேன். எஞ்சின தடவிப் பாத்துக்கலாம். கடல எப்படித் தடவுறது?"

துறைமுகத்து ஊரில் பிறந்து அறுபது வருடமாகக் கடலைப் பார்க்காதவள் என் மனைவி. ஆறு உண்டு, ஓடை உண்டு, கப்பல்கூட உண்டு. கடல் இல்லை. கல்யாணமான வருடம் சௌங்தா கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த வருடம் வேலை. அடுத்த வருடம் சாந்தி. அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஒன்று. இப்போது அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் பட்டாளம் நிறுத்திச் சோதிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சாந்தி இங்கே வருவது என்ற பேச்சே கிடையாது. இருபத்தாறு வயது. வந்தால் கட்டாயப் பட்டாளத்துக்குப் பெயரைச் சேர்த்துவிடுவார்கள், பெண்களையும் விடுவதில்லை, திரும்பிப் போக முடியாது. ஐந்து வருடமாகப் போனில்தான் மகள். தனத்தின் வட்டத்துக்குள் ஒரு தடவைக்குக் கண்ணோ மோவாயோதான் அடங்குகிறது. முழு முகம் அடங்குவதில்லை.

மதியம் மீன்குழம்பு ஊற்றின மொஹிங்கா வாங்கி வந்து வைத்தேன். சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தாள்.

மே 12, செவ்வாய்

முதல் மழை. பட்டறை வாசலில் முழங்கால் தண்ணீர்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. தனத்துக்கு விசா கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். விண்ணப்பம் நிரப்பித் தந்த கோ ஸெயாரிடம் ஓடினேன். அவன் இரண்டு தடவை படித்தான். அப்புறம் பர்மியில், மாமா என்கிற முறையில் மெதுவாக, "ஊலே, உங்க மக கடிதத்துல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாவது பிறந்தநாள்னு எழுதியிருக்கா. உங்க பாஸ்போர்ட்ல அம்பத்தேழுதான் வருது. தேதியும் வேற. வரச் சொல்ற காரணமே நம்புற மாதிரி இல்லைங்கறாங்க."

என் பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எட்டு வயது வரை என்னைப் பள்ளியில் விட அவருக்கு ஒழியவில்லை. எட்டு வயதுப் பயலை முதல் வகுப்பில் எடுக்க மாட்டார்கள் என்று ஐந்து என்று சொல்லி, வாயில் வந்த தேதியைக் கொடுத்துவிட்டார். பள்ளியிலிருந்து அடையாள அட்டை, அட்டையிலிருந்து பாஸ்போர்ட். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அட்டைக்கு ஒரு வயது, வீட்டுக்கு ஒரு வயது. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

சாந்தியைக் குற்றம் சொல்ல வழியில்லை. அவளுக்குத் தெரிந்தது வீட்டு வயது. கடிதத்தை அனுப்புவதற்கு முன் கோ ஸெயார் வரிவரியாக எனக்கு வாசித்துக் காட்டினான். "அறுபது" என்ற இடத்தில் நான் தலையாட்டினேன். பெருமையாக.

மே 13, புதன்

கோ ஸெயார் கணக்கு: மறுபடி போடலாம். இரண்டு மாதம் ஆகும். சாந்தியின் லீவு போய்விடும், அடுத்த லீவு டிசம்பரில். டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அட்டையில் வயதைத் திருத்தலாமா என்று கேட்டேன். "என்ன சான்று இருக்கு ஊலே?" ஜாதக நோட்டு இருக்கிறது என்றேன். அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான், பாவம்.

தனத்திடம் சொன்னேன், நீ மட்டும் போ.

"பேங்காக்ல எறங்கி வேற பிளேன் ஏறணும். ஒங்க கையப் புடிக்காம நா இந்தத் தெருமொனைக்குக்கூடப் போனதில்ல. வேணாம்." விசா ஒட்டின பாஸ்போர்ட்டை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதும் அதில் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. "தெரியும். எனக்குத் தெரியாம இருக்குமா?"

மே 16, சனி

மழை, மழை. மூன்று நாளாக வேலை ஓடவில்லை. காயில் சுற்றும்போது எண்ணிக்கை தப்பிவிட்டது, அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன்.

காலையில் கஞ்சி வைத்துக்கொண்டே சொன்னாள். "போறேன்."

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்று. "யார்க்குன்னே சொல்லிருங்க. நீங்கதான் வரல. ஒங்க எஞ்சினயாவது பாத்துட்டு வந்து சொல்றேன்."

பட்டறைக்குப் போய் சாந்திக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன்: விட்பி. அப்புறம் இன்னொன்று: படி ஏற வேண்டாம், கீழே கடலோரமாக அறை.

பதில் வந்தது: "சரிப்பா. என்னாலதானப்பா எல்லாம்?" இல்லை என்று எழுதினேன். உன் தாத்தாவால் என்று எழுதி அழித்தேன். அவரும் என்ன செய்வார்.

மே 20, புதன்

மூட்டை கட்டல்: பலாச்சாங் 2 பாட்டில் (இறால் வாசம் வெளியே வராமல் நான்கு பிளாஸ்டிக் பை சுற்றி), ஊறவைத்த தேயிலை லபெத், முகத்துக்கு அரைக்கும் தனக்கா கட்டை, சொட்டு மருந்து (கைப்பையில்), என் கம்பளிச் சட்டை, சாந்திக்கு உடுத்த லோஞ்சி 3.

பட்டறையில் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு அட்டை கட்டுவேன். யாருடையது, என்ன கோளாறு, எந்த நம்பருக்குக் கூப்பிடணும். அந்த அட்டையில் ஒன்று எடுத்து எழுதினேன். கோ ஸெயார் கீழே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

தனம். 60.
வலது கண் இல்லை. இடது கண் நேரே மட்டும். பக்கத்தில் வந்தால் தெரியாது, முன்னால் வந்து பேசவும்.
கையைக் கொடுத்தால் நடப்பார்.
மகள் விமான நிலையத்தில் நிற்பாள். நம்பர் பின்னால்.

நூல் கோத்துக் கழுத்தில் போட்டேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ரிப்பேருக்கு வந்த மோட்டாரா நானு?"

"எங்கிட்ட வந்த மோட்டாரு ஒண்ணாவது வீடு போய்ச் சேராம இருந்துருக்கா?"

"ரெண்டு எரிஞ்சுபோச்சு."

எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

மே 22, வெள்ளி

விமான நிலையம் கா. 7. சக்கர நாற்காலியோடு ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண், பொறுமையானவள். அட்டையைப் படித்துவிட்டு நேரே முன்னால் வந்து நின்று பேசினாள். அந்த ஒன்றுக்காகவே அவளைக் கும்பிடலாம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். கை ஆட்டினேன். நான் நின்ற இடம் அவள் வட்டத்துக்குள் இல்லை. வேறு யாரையோ பார்த்து அவளும் கை ஆட்டினாள்.

வீடு. கஞ்சி மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன்.

மே 23, சனி

மா. 6. சாந்தியிடமிருந்து செய்தி: வந்து சேர்ந்துட்டாங்க. அப்புறம் இன்னொன்று: "அம்மா என் முகத்த ரெண்டு கையாலயும் புடிச்சு அரை மணி நேரமாப் பாக்குறாங்க. விட மாட்டேங்கறாங்க."

போதும். ஒன்று நடந்துவிட்டது.

மே 27, புதன்

விடாத மழை. கரண்ட் மா. 3க்கு வந்தது. வீடியோவில் கூப்பிட்டார்கள். விட்பியில் காலை. போன் முழுக்க வெள்ளை. கோளாறு என் போனில்தான் என்று துடைத்தேன்.

சாந்தி தள்ளி வந்து மெதுவாகப் பேசினாள். அழுத குரல். "மூடுபனிப்பா. நேத்து வந்ததுலேருந்து இப்படித்தான். கடல் பக்கத்துலதான் இருக்கு, எனக்கே ஒண்ணும் தெரியல. நாளைக்கு ரூம காலி பண்ணணும். அம்மா மட்டும் தெரியுது தெரியுதுங்கறாங்க."

போன் கை மாறியது. தனம். தலையில் என் கம்பளிச் சட்டை, கழுத்தில் இன்னும் அந்த அட்டை. கண்ணை நேரே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னாங்க, எம்மாம் பெருசு! நீலமா, முடிவே இல்லாமக் கெடக்கு. தூரத்துல ஒரு கப்பலு. ஒங்களுக்குத் தெரியுதா?"

போனில் வெள்ளைதான். அலைச் சத்தம் மட்டும்.

"தெரியுது" என்றேன். "கப்பலும் தெரியுது."

"எந்தப் பக்கம் போவுது, சொல்லுங்க?"

அதற்குள் கரண்ட் போய்விட்டது, கூடவே லைனும்.