உடைக்க வேண்டாத பனி உருண்டை

மழை பொய்க்காதிருக்க, மலை சரியாதிருக்க. பன்னிரு சிகரங்கள் காவல் நிற்கும் வெண்முகட்டு நாட்டின் அரசி, கணவாய் ஏழும் காத்த காந்தள்தேவி, முந்நூறு கலங்கள் உடையாரும் முத்துத் துறைகளின் தலைவருமாகிய ஆழிக்கரை வேந்தர் பெருங்கலக்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் குடிகள் வளம் பெறுக. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன், நான் நலமாக இல்லை.

நம் இருவரிடையே நடந்த போர் ஓய்ந்த நாளில், வாக்குப் பிறழாமைக்குப் பிணையாக என் மகள் மௌவலை மூன்று வயதில் தங்கள் அரண்மனைக்கு அனுப்பினேன். இப்போது அவளுக்கு ஆறு. அவளைக் கண்டு திரும்பிய தூதர் கீரந்தையார், தங்கள் மனையில் அவள் குறைவின்றி வளர்வதைச் சொன்னார். பின்பு தயங்கித் தயங்கி, பனி என்று ஒன்று மெய்யாகவே உண்டா, அது கதையா என்று அவள் தம்மை வினவியதையும் சொன்னார். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பனியை மூட்டை கட்டி அனுப்ப இயலுமோ? ஆதலால் நாங்கள் வாழும் மனையைச் சிறிதாகச் செய்து, கண்ணாடி உருண்டைக்குள் நிறுத்தி, அதன்மேல் பனி பெய்யும்படி அமைத்து, அவளுக்குப் பரிசாக விடுத்தேன். தங்கள் வாயிற்காவலர் தலைவர் அதை அவள் கண்முன்னே உடைத்தார். வீடு இடிந்ததே, இனி அம்மா எங்கே உறங்குவார் என்று கேட்டு அவள் அழுதாளாம். படை திரட்டவே எழுந்தேன். பின்புதான் பிழை என்னுடையதெனக் கண்டேன். அடியை அடைத்த அரக்கில், கைப்பழக்கத்தால், என் முத்திரை மோதிரத்தைப் பதித்திருந்தேன். அரச முத்திரை இட்ட பொருளுக்குள் மறைச்செய்தி இருக்கும், திறந்தே பார்க்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான காவல் முறை. அவர் தம் கடமையைச் செய்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

இரண்டாம் உருண்டை இவ்வோலையுடன் வருகிறது. அதில் முத்திரை இல்லை. ஐயம் தீர உள்ளதனைத்தும் உரைக்கிறேன். நடுவே நிற்பது சுட்ட களிமண் வீடு; மேலே மெழுகு பூசியது. நீர், காய்ச்சி ஆறவைத்த சுனைநீர்; பனி மெல்ல இறங்கச் சிறிது தேன் கலந்தது. பனிக்கென முதலில் இட்ட சங்குத் தூள் கல்லாய் வீழ்ந்தது. கருப்பூரம் இறங்கவே மறுத்தது. முட்டையோட்டை அவித்து, உட்தோல் உரித்து, அம்மியில் நுணுக்கியிட்டபோதுதான் எங்கள் பனி பெய்தது. பரிசு கொடுப்பவர் கையாலேயே ஆக வேண்டும் என்பது எம் மலை வழக்கு. வாளேந்திய என் கை, விரல்நுனி அளவான கதவு செய்வதில் பலமுறை தோற்றது. ஐந்து உருண்டைகள் கசிந்தன. அரசி அவையிலும் ஓடு உரிக்கிறாள் என்று அமைச்சர்கள் முணுமுணுக்கிறார்கள். பதினைந்து நாளாய் முட்டைக்கறியே உண்ணும் மனத்தாங்கல் அவர்களுக்கு.

தேன் கலந்த நீர் ஒரு திங்களில் கலங்கிவிடும். தங்கள் நகருக்கு வழியோ இருபது நாள். வேந்தே, யாரிடமும் இரந்தறியேன், இப்போது இரக்கிறேன். வாயிலில் வைத்து நாள் கடத்தாமல், உடைக்காமல், அதை அவள் கையில் சேர்ப்பிக்கச் செய்க. ஐயம் அப்போதும் தீராதெனில் கீரந்தையாரைச் சிறையில் வைத்துக்கொள்க. அதற்கு இசைந்தே அவர் புறப்படுகிறார்.

மார்கழித் திங்கள் ஒன்பதாம் நாள், பனி முழங்கால் அளவு கிடக்கும் காலையில், என் கையால் எழுதிக் கட்டிய ஓலை. இதைக் கொண்டு செல்வோர்க்குக் கணவாய்க் காவலர் யாவரும் வழிவிடுக. குதிரை மாற்றித் தருக. தடுப்போர் எம் சினத்துக்கு ஆளாவர். இது அரச ஆணை.

கட்டிய ஓலையை அவிழ்த்து மீண்டும் எழுதியது: தங்கள் கரை வெயிலில் அவ்வுருண்டை தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பனி வெதுவெதுப்பானது என்று என் மகள் நம்பிவிடுவாள். பனி குளிரும் என்று அவளுக்குச் சொல்லுக. தங்கள் அரண்மனையில் அதைத் தொட்டறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே அம்மா எழுதினாள் என்று சொல்லுக.