மதுரையில் வாங்கிய பிரேக் ரப்பர்

வைகாசி 13, ஞாயிறு

மேல்காற்று. கண்ணெல்லாம் புழுதி. இரண்டு நாளாகக் கார் பிரேக் தரைவரை இறங்குகிறது. மெக்கானிக் சந்தானம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். சிலிண்டர் ரப்பர் போச்சாம். கம்பெனிச் சாமானாக வாங்கணும், மட்டச் சரக்கு கூடாதாம். எனக்கா சொல்லித் தருவது? மதுரையில் பார்ட்ஸ் கடைக்காரர்கள் அத்தனை பேரும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். ஒருவராவது நிற்பார்.

வியாழக்கிழமை அக்கா மகள் ராஜாமணியைப் பிரசவத்துக்கு நரிக்குடியிலிருந்து அழைத்து வர வேண்டும். அன்றோடு ஏழாம் மாதம் முடிகிறது. எட்டில் அனுப்பமாட்டார்கள். விட்டால் ஒன்பதுதான். போன வருஷம் ஒன்று கலைந்துவிட்டது. அங்கே கிணறு வற்றி, இந்த நிலையிலும் ஊருணிக்கு நடந்து குடம் சுமக்கிறாள். அக்காவுக்குத் தூக்கமே இல்லை. அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன் நான் காரோடு வருவேன் என்று சம்பந்தியிடம் சொல்லியாச்சு.

வாங்க வேண்டியது:
பிரேக் ரப்பர், 4 சக்கரத்துக்கும்
ரிங் ஸ்பேனர்
ஸ்டவ் வாசர்
கிணற்று உருளை (கிறீச் சத்தத்தில் தெருவே விழிக்கிறது)

வைகாசி 14, திங்கள்

மதுரை. கம்பெனிக் கடையில் ரப்பர் இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் எனக்கு எதற்கு? பக்கத்துச் சந்தில் இன்னொரு கடை. அதே டப்பா, அதே எழுத்து. முத்திரை மட்டும் கொஞ்சம் கலங்கல். பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன். ஸ்பேனர் அசல், தட்டினால் கோயில் மணி. உருளை மறந்தே போச்சு.

சாயந்திரம் சந்தானம் ரப்பரை இழுத்துப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, கம்பெனிக் கடையில வாங்குனதுதானா?"

"பின்னே? மொதலாளியே நாற்காலி போட்டு உக்கார வச்சு எடுத்துக் குடுத்தாரு."

மாட்டிவிட்டான்.

வைகாசி 15, செவ்வாய்

பிரேக் கன ஜோர். பஜாரில் நாலு பேரிடம் நாற்காலிக் கதை. நாலாவது ஆளிடம் சொல்லும்போது காப்பியும் சேர்ந்துகொண்டது. அக்கா காருக்குக் குங்குமம் வைத்தாள். உள் அறையில் கட்டில் போட்டாச்சு.

வைகாசி 16, புதன்

காலையில் திருச்சுழி ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கண்மாய்க்கரை இறக்கத்தில் ஆட்டு மந்தை. நூறு ஆடு. இல்லை, முப்பது இருக்கும். மிதித்தேன். கால் தரையில் போய் முட்டியது. வண்டி நிற்கவில்லை. கருவேல முள்ளுக்குள் விட்டேன். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. ஆட்டுக்காரர் ஓடி வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். "நல்லவேள, பின்னால ஆள் இல்ல" என்றார். அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

சந்தானத்தைக் கூட்டி வந்தேன். கழற்றினான். ரப்பர் பிரேக் எண்ணெயில் ஊறிக் களியாய்க் கிடந்தது. தன் கைவேலையில்தான் பிசகு என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் துடைத்துப் பார்த்தான். என்னால் பார்க்க முடியவில்லை.

"கம்பெனிக் கடை இல்ல சந்தானம். சந்துக் கடை."

துடைத்த துணியைக் கீழே வைத்தான். அப்புறம், "ஒங்க வார்த்தைய நம்பித்தான் அண்ணாச்சி மாட்டுனேன். புள்ளத்தாச்சி ஏறப்போற வண்டி."

திட்டியிருக்கலாம்.

அருப்புக்கோட்டை வாடகைக் கார் இரண்டும் முகூர்த்தத்துக்குப் போயாச்சு. நாளைக்கு பஸ்தான். அக்காவிடம் கார்பரேட்டர் கோளாறு என்றேன்.

வைகாசி 17, வியாழன்

பஸ்ஸில் மூன்று கதை தயார் செய்தேன். கலெக்டர் ஆபீசில் அவசரத்துக்குக் காரைக் கேட்டு வாங்கிப் போனார்கள் என்பதுதான் மூன்றிலும் நல்லது. நரிக்குடியில் சம்பந்தி வாசலிலேயே நின்றார்.

"காரு பின்னால வருதாக்கும்?"

கதை வாய்க்கு வரவில்லை. சந்துக் கடையிலிருந்து கருவேல முள் வரை உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். நான் இதுவரை சொன்னதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறதாம்.

அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. "போன தடவ கலைஞ்ச ஒடம்பு. பஸ்ஸுல குலுங்க விடமாட்டோம். ஒம்பதுல காரோட வாங்க."

தப்பு சொல்ல முடியாது. இன்னும் ஒரு மாதம் ஊருணிக்கு நடப்பாள்.

ராஜாமணி பெட்டி கட்டி வைத்திருந்தாள். மோர் கொடுக்கும்போது மெதுவாக, "நெசமாவே பிரேக்கு பிடிக்கலையா மாமா?"

"நெசந்தான்த்தா."

"அப்பக் கொண்டாராததுதான் நல்லது."

பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

பொழுது சாய அருப்புக்கோட்டை. பஸ் ஸ்டாண்டில் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் காலியான பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். கார்பரேட்டர் இல்லக்கா என்று ஆரம்பித்தேன்.