இருபதுக்குப் பதினாலு

பங்குனி 3, செவ்வாய்
தங்கச்சி தக்ஷாயினி தரம் ஏழு விஞ்ஞானத்துக்கு வினாத்தாள் செய்கிறாள். கல்வி வலயத்துப் பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் அந்தத் தாள்தான். போன தவணை, விடையை வினாவே காட்டிக்கொடுக்குது என்று அவளுடைய மூன்று வினாவை வெட்டி, கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார்களாம். இந்த முறையும் பிழை வந்தால் இனித் தாள் கொடுக்கமாட்டார்கள். தாள் கொடுக்க வாற திங்கட்கிழமை கடைசி நாள். வீட்டில் இருமவும் பயம்.

அவள் குளிக்கப் போன நேரம், நாலு விடையில் ஒன்றைத் தெரிகிற அந்த இருபது வினாவுக்கும் விடை போட்டு வைத்தேன். பகிடிக்குத்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று இடியப்பம் அவிக்கிறவள்.

பங்குனி 4
பதினாலு சரி!

எனக்கும் ஒரு ரீச்சர் வேலை எடுத்துத் தா என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எப்பிடிப் போட்ட?"

சொன்னேன். சரியான விடையை மட்டும் நீ பார்த்துப் பார்த்து நீளமாக எழுதுகிறாய், மற்றதெல்லாம் ஒரு சொல். 'மேற்கூறிய யாவும்' வந்தால் யோசிக்கவே தேவையில்லை. மீன் எதால் மூச்சு விடும் என்று கேட்டு, இலை என்றும் ஒரு விடை. வாவியில் கால் நனைத்தவள் அதைத் தொடுவாளா?

தாளைக் கிழித்துப்போட்டாள். என்ட வாய்தான் எனக்கு எதிரி.

பங்குனி 5
அவளுக்கு வைத்த சாப்பாடு அப்படியே.

பங்குனி 6
புதுத் தாளை நீட்டினாள். கண் வீங்கியிருந்தது. விடையெல்லாம் ஒரே நீளம். ஆனாலும் நாலு இடத்தில் விடை பிடிபட்டது — வினாவில் உள்ள சொல்லே சரியான விடையிலும் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்திட்டு நாலையும் வேணுமெண்டே பிழையாப் போட்டன்.

மூன்றுதான் சரி. என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள்.

பங்குனி 8
உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். என்ன வேல பாத்திருக்கன்? திரும்பவும் கூட்டத்தில வாசிச்சா? சொன்னா கத்துவாள். சொல்லாட்டி?

பங்குனி 9
பஸ்ஸுக்கு வெளிக்கிட்டவளைப் வாசல் படலையில் மறித்துச் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது. கத்தவில்லை. "எத்தினையாம் வினா?" — அவ்வளவுதான். காட்டினேன். அங்கேயே உறையைக் கிழித்தாள்.

வலயக் கல்விப் பணிமனை மூட அரைமணி இருக்கும்போது நாலையும் திருத்திக் கொடுத்தாளாம். அதுவும் அவளோடு படிப்பிக்கிற பக்கத்து வீட்டு அன்னப்பூரணி சொல்லித்தான் தெரியும்.

பங்குனி 27
ஒரு வினாவும் வெட்டுப்படவில்லையாம். இதுவும் அன்னப்பூரணி வாயால்தான்.

சித்திரை 30
காலையில் இடியப்ப உரலுக்குப் பக்கத்தில் ஒரு தாளையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள். தரம் எட்டு.

"அக்கா, பிடிபட்டா பிடிபட்ட மாதிரியே போடு."

ஐம்பது இடியப்பத்துக்கு வந்து நின்ற ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.