என் தாயாரை என் தந்தைக்கே தாயாக்கிய சான்றிதழ்

அனுப்புநர்:
து. தமிழ்ச்செல்வன்,
மாதா கோவில் தெரு, சம்மனசுபுரம்,
தொப்பூர் வழி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: வாரிசுச் சான்றிதழ் – காலஞ்சென்ற ஆரோக்கியராஜின் மனைவி தெரசாவை அவருடைய தாய் எனக் குறித்தது – என்றோ இறந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரை உயிருடன் இருப்பவராகக் கருதுவது – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை ஆரோக்கியராஜ் சென்ற கல்லறைத் திருநாளுக்கு மறுவாரம் மாரடைப்பால் காலமானார். வீட்டு மனைப் பட்டாவை என் தாயார் தெரசா பெயருக்கு மாற்ற வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கேட்டோம். தயாரானது. அதன்படி இறந்தவருக்கு மனைவி இல்லை. தெரசா அவருடைய தாய். நான் அவருடைய தம்பி. குடும்ப அட்டையைப் பார்த்த எழுத்தர், என் மகள் எழிலரசியையும் என் தங்கை என்றே எடுத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் இதில் மகிழ்ச்சி. அன்று முதல் என்னை 'அண்ணா' என்று கூப்பிடுகிறாள்.

2. குழப்பத்துக்குக் காரணம் துப்ரே. ஹைதர் அலியின் படையில் பீரங்கி சுட வந்த பிரெஞ்சுக்காரர் அவர், சண்டை முடிந்தபின் ஊர் திரும்பாமல் இங்கேயே பெண் கட்டிக் கேழ்வரகு விதைத்தார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. நிறத்திலும் மூக்கிலும் அவர் அடையாளம் எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. பெயர் மட்டும் போகவில்லை. ஊரெல்லாம் தகப்பன் பெயரை இனிஷியலாகப் போட, நாங்கள் தலைமுறை தலைமுறையாக 'து' போடுகிறோம். கட்டிக்கொண்டு வரும் பெண்களுக்கும் அதே 'து'. பாண்டிச்சேரிக்குப் போய் விசாரித்தேன். பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், தங்கள் வீட்டிலும் குடும்பப் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். மனிதர் பீரங்கியை விட்டாலும் வழக்கத்தை விடவில்லை.

3. 'இனிஷியலின் விரிவு' என்று கேட்டால் துப்ரே என்று எழுதுவோம். அதை அப்பாவுக்கும் எனக்கும் எழிலரசிக்கும் தந்தை பெயர்க் கட்டத்தில் ஏற்றிவிட்டார்கள். அம்மா விஷயம் வேறு. அவர் கணவர் பெயரை வாயால் சொல்லாதவர். அதே பெயருள்ள பால்காரரைக்கூட 'பால்' என்றுதான் கூப்பிடுவார். குடும்ப அட்டைக்கு விவரம் கேட்க வந்தவரிடம், "நாங்க துப்ரே வூடுங்க" என்று நழுவிவிட்டார். வந்தவரும் 'கணவர்: துப்ரே' என்று எழுதிக்கொண்டு போனார்.

4. ஆக, துப்ரே அவர்கள் இருநூறு ஆண்டுக்கு மேலாக ஓயாமல் பிள்ளை பெற்று, என் தாயாரையும் மணந்து, இன்னும் சுகமாக இருக்கிறார். கோவில் திருமணச் சான்றைக் காட்டினோம். அதில் 'ஆரோக்கியராஜ் துப்ரே' என்றிருப்பதால் அவர் வேறு ஆளாம். துப்ரேவின் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கல்லறைத் தோட்டத்தில் தேடினேன் ஐயா. எங்கள் கல்லறை எல்லாவற்றிலும் துப்ரே என்றே இருக்கிறது. அவர் எதில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருக்கு அழைப்பாணை அனுப்புவதானால் எங்கள் முகவரிக்கே அனுப்பலாம். யாராவது ஒரு துப்ரே வாங்கிக்கொள்வோம்.

5. எழுத்தர் நல்லவர். "வூடு எப்படியும் அம்மாவுக்குத்தானுங்க வருது, தாய்னு இருந்தா என்ன, வாங்கிட்டுப் போங்க" என்றார். அம்மா வாங்க மறுத்துவிட்டார். "அந்த மனுசனோட சண்ட போட்டுச் சண்ட போட்டு வாழ்ந்தவடா நான். அவருக்கு ஆத்தான்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், "என் வூட்டுக்காரர் பேரு ஆரோக்கியராஜ்" என்று உரக்கச் சொன்னார். வாயால் சொன்னால் செல்லாது என்றுவிட்டார்கள்.

6. எனவே, தாங்கள் நேரில் விசாரித்து, தெரசா என்ற பெயருக்கு எதிரே 'மனைவி' என்று திருத்தி ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பட்டா மெதுவாக வரட்டும். அந்த ஒரு சொல் முதலில் வேண்டும். விசாரணையில் கேட்டால் அம்மா அப்பாவின் பெயரை மறுபடியும் சொல்லத் தயாராக இருக்கிறார். அப்பாதான் அதை ஒருமுறைகூடக் கேட்காமலே போய்விட்டார்.

இடம்: சம்மனசுபுரம்
நாள்: 10.02.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
து. தமிழ்ச்செல்வன்,
ஆரோக்கியராஜின் மகன், தம்பி அல்ல.