கடையில் சாப்பிடுவது வேறு

தஞ்சாவூர்,
2 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாயே. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம்.

போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு நீ ஊர் சுற்றித் தின்றதை எல்லோரும் பார்த்தாயிற்று. படம் போட்டதே நீதான். கும்பகோணத்தில் இட்லியும் கடப்பாவும், திருவையாற்றில் அசோகா அல்வா, இங்கே கீழவாசல் மார்க்கெட்டில் நின்றுகொண்டே வாழைக்காய் பஜ்ஜி. அங்கே கிளமென்ட் உன்னைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் சங்கடப்படுவாய் என்று கூப்பிடாமல், சேப்பங்கிழங்கை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஒங்கண்ணன் வந்திருக்காரு. மத்தியானம் எப்படியும் வருவாரு, சைவமா ஏதாவது பண்ணு" என்றார். மோர்க்குழம்பும் வறுவலும் செய்து வைத்துவிட்டு, சாயங்காலம் வரை இரண்டு பேரும் பட்டினி.

நான் அவரைக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் ஆகப்போகிறது. என் வீட்டில் நீ ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஏன் வரவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் தங்கை,
ரோஹிணி

*

சென்னை,
7 ஜனவரி 2025

அன்புள்ள ரோஹிணிக்கு ஆசிகள்.

நண்பர்களை லாட்ஜில் விட்டுவிட்டு உன் தெருமுனை வரை வந்தேன். மீன் வறுக்கும் வாடை வந்தது. திரும்பிவிட்டேன்.

கடையில் சாப்பிடுவது வேறு. அங்கே யார் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. உன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால், நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. மற்றபடி உன் வீட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

கணுப் பொங்கலுக்கு வழக்கம்போல் புடவை அனுப்பியிருக்கிறேன். கட்டிக்கொள்.

ஹரிசங்கர்

*

தஞ்சாவூர்,
14 ஜனவரி 2025

அண்ணா,

அந்த வாடை பக்கத்து வீட்டு அனீஸா அக்காவின் அடுப்பிலிருந்து வந்தது. எங்கள் அடுப்பில் அன்றைக்கு உனக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு. மீனாகவே இருந்தால்தான் என்ன? நீ பஜ்ஜி தின்ற கடைக்கு அடுத்த கடையில் மீன்தான் வறுத்துக்கொண்டிருந்தார்களாம். அங்கே உனக்கு மூக்கு இல்லையா?

நாளைக்குக் கணு. உடன்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மஞ்சள் இலையில் சாதம் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவதை, கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இலை வாங்கி வருவது கிளமென்ட்தான். கடைக்காரியிடம், "கிழிஞ்ச இலை வேணாம்மா, மச்சானுக்கு வைக்கிறது" என்று சொல்லிப் பொறுக்குவார்.

இந்த வருஷமும் வாங்கி வந்துவிட்டார். நான் வைக்கப் போவதில்லை. உன் புடவையை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

காக்கையை நினைத்துத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அதுவும் நாலு இடத்தில் தின்றுவிட்டுப் போய்விடும், உன்னைப் போல.

ரோஹிணி