பதில் இருமல்

மச்சாள்,

இன்று மத்தியானம் இருமல் சிரப்பின் மூடியைத் திறந்தேன். அந்த ஸ்ட்ரோபெரி வாசனை வந்ததும், நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது போல் இருந்தது. நீங்கள் கண்ணை மூடி நாலு வருடமாகிறது. உங்கள் ஏச்சுக்கு இன்னும் பயம்தான்.

வாங்கி வந்தது உங்கள் தம்பி. நீங்கள் பார்க்காத எங்கள் சின்னவளுக்கு இப்போது மூன்று வயது. இருமலில் அவளும் நித்திரையில்லை, நாங்களும் நித்திரையில்லை.

மூத்தவனுக்கு இப்படி வந்தபோது, இதே கொட்டாஞ்சேனை வீட்டில் என் கையிலிருந்த போத்தலைப் பறித்தீர்கள். "இது பிள்ளைக்கில்லை, உனக்கு. அவன் படுத்தாத்தானே நீ படுக்கலாம்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் உங்கள் மகனின் கதையைச் சொன்னீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது சிரப் குடித்துவிட்டுக் கண் திறக்காமல் கிடந்தவனை, கன்னத்தில் தட்டித் தட்டியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறீர்கள். "இருமல் நிண்டுட்டுது எண்டு சந்தோசப்பட்டனான். மூச்சும் நிக்கப் பாத்தது." நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளைகளின் தடிமன், இருமலுக்கு இந்த மருந்துகள் பெரிதாக வேலை செய்யாது, அது தானாகவே மாறும், மூச்சு வேகமானால் மட்டும் உடனே வாருங்கள் என்று டொக்டர் சொன்னாராம்.

உங்களிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. மூத்தவன் இருமினால், உங்கள் அறையிலிருந்து பதிலுக்கு இருமுவீர்கள். அவன் அழுகையை மறந்து சிரிப்பான். "பயந்து அழுதாத்தான் மூச்சு முட்டும். கூட ஆராவது இருமினாப் பயம் போயிடும்." இதுவும் ஒரு மருந்தா என்று உங்களைப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

இன்று கரண்டியை நிரப்பிவிட்டேன். சின்னவள் இருமினாள். உடனே உங்கள் அறையிலிருந்து வறண்ட, குட்டி இருமல் ஒன்று கேட்டது.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. போய்ப் பார்த்தேன். மடிக்காத உடுப்புகளும் சாத்திய ஜன்னலும் சுவரில் உங்கள் படமும்தான். திரும்பி வந்து, கரண்டியிலிருந்ததைத் தொட்டிக்குள் ஊற்றினேன். அவள் சட்டையை உயர்த்தி நெஞ்சைப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் தேன் விட்டுப் பருக்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி இருமினாள். இம்முறை நானே பதிலுக்கு இருமினேன். அவள் தலையை நிமிர்த்தி என்னை முறைத்தாள்.

"நீங்க இல்லம்மா. படத்தில இருக்கிற மாமி."

பயமாகத்தான் இருந்தது, மச்சாள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் கதவைப் பார்த்தபடி, இரண்டு பேரும் காத்திருந்தோம்.